வேண்டாத எதிரொலிகள் சொன்ன வரலாறு



எதிரொலி என்றதும் வௌவாலையும் கப்பலையும் எடுத்துக்காட்டிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். மீன் தேடும் சோனார் கருவியின் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாம் என்பது என் கருத்து. இவ்வரலாற்றின் பெரும்பகுதி, 'வேண்டாதவை' என்று ஒதுக்கப்பட்ட எதிரொலிகளால் ஆனது.

ஒலி கடல்நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி 2 வினாடியில் திரும்பினால் ஆழம் 1,500 மீட்டர். ஆழம் அளக்க இக்கருவி பயன்பட்டது. ஆனால், கடற்பரப்புக்கும் தரைக்கும் நடுவே சில வேளைகளில் வேறு கோடுகளும் பதிவாயின. ஆழம் அளப்பவருக்கு அவை இடையூறு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஆஸ்கார் சுன்ட் அவற்றை இடையூறாகக் கருதவில்லை. லோபோட்டன் தீவுப் பகுதியில் காட் மீன் கூட்டங்களின் எதிரொலிப் பதிவை 1935-இல் வெளியிட்டார். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலியை நன்கு திருப்பி அனுப்புகிறது. 1948-இல் ஜப்பானின் நாகசாகியில் புருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை வணிகப் பொருளாக்கினர்.

மீன் செய்தியாயிற்று, ஆயினும் இடையூறு தீரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், கலிபோர்னியாக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலியாய்வில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்தில் ஓர் அடுக்கு தென்பட்டது. அது கடலடி போலவே தோன்றியது. உண்மையான தரையோ அதற்கும் வெகு கீழே இருந்தது. ஆகவே அதனைப் 'பொய்த்தரை' என்றனர்.

மார்ட்டின் ஜான்சன் என்னும் உயிரியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: இது உயிர்களின் கூட்டமாயின், இரவில் இரை தேடி மேலே வரவேண்டுமல்லவா? 1945-இல் கப்பலிலிருந்து கண்காணித்தார். அந்தியில் அந்த அடுக்கு மேலெழுந்தது, விடியலில் கீழிறங்கியது. தரை எங்காவது நகருமா? அது சிறு மீன்களும் பிற கடலுயிர்களும் நிறைந்த அடுக்கு. அந்த ஆழத்து மீன்களின் எடை உலகெங்கும் 100 கோடி டன் என்று நெடுங்காலம் மதிப்பிடப்பட்டது. ஒலிப்பதிவுகளின் துணையுடன் 2014-இல் வெளிவந்த ஆய்வு, அது அதனினும் பன்மடங்காக இருக்கலாம் என்றது.

நம் வட்டாரத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெப்பமண்டலக் கரையோரக் கடலில் விரல் சொடுக்குவதுபோல் கொடுக்கைச் சொடுக்கும் சிற்றிறால்கள் ஓயாது இரைகின்றன. சோனார் கருவிக்கு அது பெருந்தொல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வாளர்களோ, அவ்விரைச்சலையே விளக்கொளி போலக் கொண்டு நீருக்கடியிலுள்ள பொருள்களைப் படம்பிடிக்க முயன்றனர்.

எல்லா இரைச்சலும் செய்தியன்று. இயந்திர அதிர்வும் அலைக்குமிழியும் அருகிலுள்ள படகின் ஒலியும் நீக்கத்தக்கவையே. ஆயினும் வடிகட்டியை மிகுதியாகக் கூட்டினால் சிறு மீன்களும் திரையிலிருந்து மறையும். எனவே, நீக்குவதற்குமுன் 'இது எங்கிருந்து வருகிறது?' என்று வினவுவதே அறிவியல்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். விடைத்தாளில் எதிர்பாராத விடை எழுதிய மாணவனிடம், சிவப்பு மையால் கோடிடுமுன், "ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒருமுறை கேட்போம். பெற்றோரும் வீட்டில் அவ்வாறே கேட்கலாம். பிழையாகவே இருப்பினும், அப்பிழை எங்கிருந்து வந்தது என்பதாவது நமக்குத் தெரியும்.