அரசர் அணிந்த வெஸ்ட்

ஆங்கிலப் புதினங்களைத் தமிழாக்கும்போது அகராதி நம்மைக் கைவிடும் இடங்களுள் ஆடவர் உடையும் ஒன்று. அமெரிக்கக் கதையொன்றில் வழக்கறிஞர் ஒருவர் 'வெஸ்ட்' அணிந்து நீதிமன்றத்தில் எழுந்து நிற்கிறார் எனக் கொள்வோம். அதனைப் 'பனியன்' என்று பெயர்த்துவிட்டால், மதிப்புக்குரிய மனிதரை உள்ளாடையோடு மன்றத்தில் நிறுத்திய பழி நம்மைச் சேரும். பிரித்தானியருக்கே வெஸ்ட் உள்ளாடை. அமெரிக்கருக்கு அது சட்டைக்கு மேலும் கோட்டுக்கு உள்ளும் அணியும் கையில்லா உடை. பிரித்தானியர் இதனை வெயிஸ்ட்கோட் என்பர்.

இவற்றுள் எது சரி? ஆங்கிலம் பிறந்த மண்ணில் வழங்குவதே சரி, அமெரிக்கருடையது சிதைவு என்று எண்ணிப் பழகிவிட்டோம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1666 அக்டோபரில், இலண்டன் பெருந்தீ அடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த வேளையில், மன்னர் இரண்டாம் சார்லஸ் புதிய உடைமுறையொன்றை அறிவித்தார். சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பு அவ்வுடையை வெஸ்ட் என்றே குறிக்கிறது. அது பாரசீகப் பாணியிலானது என்று எழுதினார் ஜான் ஈவ்லின். மேலங்கியின் உள்ளே அணிந்த அந்த நீண்ட உடையே நாளடைவில் நீளம் குறைந்து, இன்றைய கையில்லா உடையாயிற்று. ஆக, அரசவைப் பொருளைக் காத்து நிற்பவர் அமெரிக்கரே. பிரித்தானியப் பேச்சில்தான் அச்சொல் சட்டைக்கு அடியில் இறங்கிற்று. அங்கும் தையற்கலைஞரின் தொழில்வழக்கில் பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

பேண்ட்ஸ் என்பதன் கதையும் இத்தகையதே. வெனிஸ் நகரத்துக் கிழவணிகனாக இத்தாலிய நாடக மேடையில் தோன்றிய பாண்டலோனே என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயரால் 'பாண்டலூன்ஸ்' வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் அதனைச் சுருக்கிக் கால்சட்டைக்குப் பெயராக்கினர். பிரித்தானியரோ கால்சட்டையை ட்ரவுசர்ஸ் என்றே அழைத்து, பேண்ட்ஸ் என்பதை உள்ளாடைக்கு ஒதுக்கினர்.

மார்க் ட்வெய்ன் 1871இல், தம் இயற்பெயரான சாமுவேல் கிளெமென்ஸ் என்ற பெயரில், உடைகளை இறுக்கும் கழற்றத்தக்க பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாவணத்தில் வெஸ்ட், பாண்டலூன்ஸ் ஆகிய இரு சொற்களும் இடம்பெறுகின்றன. அவ்விரண்டும் அங்கே வெளியுடைகளே. இன்றைய இலண்டன் வழக்கை மனத்திற்கொண்டு அவரை வாசித்தால் பொருள் தலைகீழாகும்.

நம் நிலையோ இன்னும் விந்தையானது. பிரித்தானியர் ஆட்சியில் வாழ்ந்த நாம், கால்சட்டையைப் பேண்ட் என்று அமெரிக்கப் பொருளில் வழங்குகிறோம். இலண்டனின் ட்ரவுசர்ஸ் நம் நாவில் டவுசராகி முழங்காலுக்கு மேலேறிவிட்டது. குஜராத்தி வணிகரைச் சுட்டும் பெயரிலிருந்து பிறந்த பனியன், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்கள் வீட்டில் உடுத்திய தளர்ந்த நீள அங்கி. நமக்கோ அது வியர்வை உறிஞ்சும் உள்ளாடை.

எனவே, உடைப்பெயரை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் சொல்லின் பொருளை மட்டும் தேடுதல் போதாது. எந்நாட்டார், எக்காலத்தில், எதன்மேல் அதை அணிந்தனர் என்றும் வினவுதல் வேண்டும். ஒரு சொல்லைத் தவறென்று தள்ளுமுன் அதன் வயதையும் கேட்பது நன்று எனக் கருதுகிறோம்.