1924: அளவுகோலும் வாசற்கதவும்

'விஞ்ஞானபூர்வமாக' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் விவாதம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எழுதுகிறவர்களாகிய நம்மிடையே வெகுகாலமாக இருந்துவருகிறது. இலக்கிய விமர்சனத்தில் இந்தச் சொல் செய்த காரியங்களைப் பற்றித் தனியே எழுதலாம். அங்கு அதனால் விளைந்த நஷ்டம், மிஞ்சிப்போனால், இரண்டொரு நல்ல கவிஞர்கள் சில வருஷங்கள் படிக்கப்படாமல் கிடந்ததுதான். இதே சொல் ஒரு தேசத்தின் வாசலில் நின்று, யார் உள்ளே வரலாம் யார் வரக்கூடாது என்று பேசியபோது என்ன நடந்தது என்பதுதான் இங்கு விஷயம். தேசம் அமெரிக்கா, வருஷம் 1924. குடியேற்றம் பற்றி இன்று உலகமெங்கும் நடக்கும் சண்டையில் புள்ளிவிவரங்களும் பரிசோதனைகளும் மறுபடி சாட்சிக்கு அழைக்கப்படுவதால், பழைய வழக்கு ஒன்றின் கட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

1

1924 மே 26ஆம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டத்தை ஜான்ஸன்-ரீட் சட்டம் என்பார்கள். அதற்கு முன் 1921இல் ஒரு அவசரச் சட்டம் வந்திருந்தது. 1910ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி, அமெரிக்காவில் வாழும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பிறப்பினரின் தொகையில் 3 சதவீதம் பேர் அந்தந்த நாட்டிலிருந்து வருஷாவருஷம் வரலாம் என்றது அது. புதிய சட்டம் 3ஐ 2ஆகக் குறைத்தது. கூடவே 1910ஐ எடுத்துவிட்டு 1890ஆம் வருஷக் கணக்கை அடிப்படையாக வைத்தது.

முப்பத்துநான்கு வருஷப் பழைய கணக்கை ஏன் தூசி தட்டி எடுக்கவேண்டும்? 1890இல் இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் ரஷ்ய யூதர்களும் பெருமளவில் வந்துசேர்ந்திருக்கவில்லை. சட்டத்தில் யூதன் வேண்டாம் என்றோ இத்தாலியன் வேண்டாம் என்றோ ஒரு சொல் கிடையாது. வருஷத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது. இத்தாலிக்கு இருந்த 42,057 இடங்கள் 3,845 ஆயின. ஆசியர்களுக்கு இந்த நாசூக்குகூட அவசியப்படவில்லை. இந்தியர்களுக்கு 1917ஆம் வருஷச் சட்டமே கதவைச் சாத்தியிருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற எவரும் வரக்கூடாது என்ற வாசகத்தால் ஜப்பானியர்களுக்கும் இப்போது சாத்தப்பட்டது.

2

இந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருந்தது, அல்லது இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஆல்ஃபிரட் பினே 1905இல் பாரிஸ் பள்ளிகளுக்காக ஒரு சோதனை தயாரித்தார். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கம். பிறவியோடு வந்து மாறாமல் நிற்கும் ஏதோ ஒன்றைத் தாம் அளப்பதாக அவர் சொல்லவில்லை. 1911இல் அவர் இறந்துபோனார். சோதனை அட்லாண்டிக்கைக் கடந்தது. கடந்த வழியில் அதன் நோக்கம் தொலைந்துபோயிற்று.

நியூ ஜெர்ஸியின் வைன்லாண்ட் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி காடர்ட் அதை எல்லிஸ் தீவுக்கு எடுத்துச் சென்றார். கப்பலின் அடித்தட்டில் பல நாள் கிடந்து, இறங்கியதும் பயத்தோடு வரிசையில் நிற்கிறவனை அழைத்து உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, மூன்று நிமிஷத்தில் அறுபது சொற்கள் சொல் என்றார்கள். பென்சிலை அதுவரை பிடித்திராத கைகளில் பென்சிலைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். 1917இல் வெளியான முடிவு இது: சோதிக்கப்பட்ட யூதர்களில் 83 சதவீதம், இத்தாலியர்களில் 79 சதவீதம், ரஷ்யர்களில் 87 சதவீதம் மந்தபுத்திக்காரர்கள். சோதிக்கப்பட்ட யூதர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், 35 பேர். இத்தாலியர்கள் 50, ரஷ்யர்கள் 45. காடர்ட் ஓர் இடத்தில் காரணம் சூழலாகவும் இருக்கலாம் என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சதவீதங்கள் மட்டும் பயணம் செய்தன.

அடுத்து முதல் உலக யுத்தம். ராபர்ட் யெர்க்ஸின் தலைமையில் சுமார் பதினேழரை லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் சோதிக்கப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான தாளில் கிரிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. மற்றவர்களுக்கான படத்தாளில் வலை இல்லாத டென்னிஸ் மைதானம். என்ன குறைகிறது என்று சொல்லவேண்டும். டென்னிஸையே பார்த்திராத ஸிஸிலிக் குடியானவனுக்குக் குறைந்தது புத்தி என்று தீர்மானமாயிற்று. வெள்ளை அமெரிக்கச் சிப்பாய்களின் சராசரி மனவயதே 13 என்றுதான் வந்தது. அதை அப்படியே நம்பினால் நாட்டில் ஏறக்குறைய பாதிப்பேர் மந்தபுத்திக்காரர்கள் என்றாகிறது. சோதனையைச் சந்தேகிக்கவேண்டிய இடம் இது. அவர்கள் நாட்டைச் சந்தேகித்தார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகாம் 1923இல் இந்தப் புள்ளிவிவரங்களை வைத்து, அமெரிக்க அறிவுத்திறன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத அந்நியன் குறைவான மதிப்பெண் வாங்கினான். இருபது வருஷம் வாழ்ந்தவனோ அங்கேயே பிறந்தவனுக்குச் சமமாக வாங்கினான். இதிலிருந்து சாதாரண மனிதன் எடுக்கும் முடிவு, சோதனை அமெரிக்கப் பழக்கத்தை அளக்கிறது என்பது. பிரிகாம் எடுத்த முடிவு, முன்பு வந்தவர்கள் உயர்ந்த இனம், இப்போது வருகிறவர்கள் தாழ்ந்த இனம் என்பது. தம் கையிலிருந்த சான்று தமக்கு எதிராகப் பேசியதை அவரால் கேட்க முடியவில்லை. அவர் பொய்யர் அல்ல. பொய்யராக இருந்திருந்தால் விஷயம் எளிது.

3

யூஜெனிக்ஸ் என்ற இனமேம்பாட்டு இயலின் கூடாரம் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் 1910இல் நிறுவப்பட்ட பதிவகம். அதன் மேற்பார்வையாளர் ஹாரி லாஃப்லின். 1920இல் காங்கிரஸின் குடிவரவுக் குழு அவரைத் தன் 'யூஜெனிக்ஸ் நிபுண'ராக நியமித்தது. குழுவின் தலைவர் ஆல்பர்ட் ஜான்ஸன், சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர். பைத்தியக்கார விடுதிகள், சிறைகள், அநாதை இல்லங்கள் இவற்றில் எந்தெந்த நாட்டார் எத்தனை சதவீதம் என்று லாஃப்லின் அட்டவணை போட்டுக் கொடுத்தார். பிறகு ஜான்ஸன் யூஜெனிக்ஸ் ஆய்வுச் சங்கத்தின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். சாட்சிக்காரரும் நீதிபதியும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டினார்கள்.

எதிர்ப்பு விஞ்ஞானத்துக்குள்ளிருந்தே வந்தது என்பதை மறக்கக்கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ் லாஃப்லினின் கணக்கை ஆராய்ந்து, 1890ஐத் தேர்ந்தெடுப்பதை அந்தக் கணக்கே நியாயப்படுத்தவில்லை என்று காட்டினார். குழுவின்முன் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பம். சட்டசபைக்குள்ளே, புரூக்ளினிலிருந்து புதிதாக வந்திருந்த இமானுவேல் செல்லர் எதிர்த்துப் பேசினார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். புத்திச் சோதனைகள்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன என்பது மிகை. காங்கிரஸ் விவாதங்களில் அவை அதிகம் அடிபடவில்லை என்று பின்னால் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். யுத்தத்துக்குப் பிந்தைய பயம், ரஷ்யப் புரட்சியின் கிலி, கூலி குறைந்துவிடும் என்ற தொழிற்சங்கங்களின் கவலை, பச்சையான இனத்துவேஷம், இவையே போதுமான காரணங்கள். விஞ்ஞானம் கதவைச் சாத்தவில்லை. சாத்துகிறவர்கள் கூச்சப்படாமல் சாத்துவதற்கு வழிசெய்தது. துவேஷத்தைப் பொதுநலம் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு மனிதனுக்கு அது உதவியது.

4

விஞ்ஞானத்தின்மேல் அதிகாரத்துக்கு உண்மையில் எவ்வளவு பக்தி இருந்தது என்பதற்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சாட்சி. வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சத்தாருமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். 1922இல் ஜப்பானியரான டகாவோ ஓஸாவா கேட்டார். தோல் நிறம் அளவுகோல் அல்ல, வெள்ளையர் என்றால் காகேஸியர், நீர் காகேஸியர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கு வந்தது. யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அன்றைய மானிடவியல் நூல்கள் வட இந்தியர்களைக் காகேஸியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. அவர் அதைச் சுட்டிக்காட்டினார். விஞ்ஞானிகளின் வகைப்பாடு நமக்கு வேண்டாம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று இப்போது தீர்ப்பாயிற்று. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒருவரே: நீதிபதி ஸதர்லண்ட், இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர்.

திந்தின் வாதத்தைக் கொண்டாடவும் நமக்கு வழியில்லை. தாம் உயர்சாதி, கலப்பற்ற ஆரியர் என்பது அதன் ஒரு பகுதி. தன்னை வெளியே நிறுத்திய அளவுகோலை அவர் கேள்வி கேட்கவில்லை; தன்னை அதன் மேல்முனையில் வைக்கும்படி கேட்டார். நம்மூர்ப் பழக்கம் கடல் கடந்தும் விடவில்லை.

இந்தத் தீர்ப்புக்குப் பின், ஏற்கெனவே கொடுத்திருந்த குடியுரிமையையும் பல இந்தியர்களிடமிருந்து பறித்தார்கள். 1915இல் மனைவி மக்களோடு ஸான்ஃபிரான்ஸிஸ்கோ வந்து கடை வைத்து, 1921இல் குடியுரிமை பெற்ற வைஷ்ணவ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். இந்தியா சென்று வர அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது; பிரிட்டிஷ் பிரஜையாகப் போய் வாங்கிக்கொள் என்றார்கள். அதை விட்டு ஓடிவந்த மனிதர் அவர். 1928இல் தற்கொலை செய்துகொண்டார்.

5

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். அதே 1928இல் காடர்ட் தம் பழைய கருத்துகளில் பெரும்பகுதியைக் கைவிட்டார். 1930இல் பிரிகாம், தமது ஆய்வின் அஸ்திவாரமே செல்லாது என்று அச்சில் ஒப்புக்கொண்டார். எழுதி ஏழே வருஷத்தில் ஒரு மனிதன் தன் புத்தகத்தைத் தானே நிராகரிப்பது பெரிய காரியம். நம் இலக்கிய உலகில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? பதிவகம் 1939இல் மூடப்பட்டது. விஞ்ஞானம், தாமதமாகவே ஆனாலும், தன் வழக்கப்படி தன்னைத் திருத்திக்கொண்டது.

சட்டம் திருந்தவில்லை. 1929 முதல் அமலான இறுதிக் கணக்கில் பிரிட்டனுக்கு 65,721 இடங்கள், போலந்துக்கு 6,524, ருமேனியாவுக்கு 295. பிரிட்டனின் இடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காலியிடத்தை இன்னொரு நாட்டானுக்குத் தரச் சட்டத்தில் வழியில்லை. 1939இல் 937 பயணிகளோடு ஹாம்பர்கிலிருந்து வந்த ஸெயின்ட் லூயிஸ் கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் யூதர்கள். கியூபா ஏற்கவில்லை. ஃபுளோரிடாவின் விளக்குகள் தெரியும் தூரம் வரை வந்தும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. கோட்டாவில் அவர்கள் முறை வரவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொலைக்காலத்தில் மாண்டார்கள். அதே வருஷம் 20,000 குழந்தைகளைக் கோட்டாவுக்கு வெளியே அனுமதிக்க வந்த மசோதா குழுவிலேயே செத்தது. பிரிகாம் தம் பிழையை ஒப்புக்கொண்டு அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியும் வருஷத்துக்கு 100 இடங்களும் கிடைத்தன. அந்தச் சட்டத்தில் செல்லரின் பெயர் இருந்தது. சென்னையில் படித்து 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த சந்திரசேகர், விரும்பியிருந்தாலும் அதுவரை அந்த நாட்டின் பிரஜையாகியிருக்க முடியாது, 1953இல்தான் ஆனார். 1952ஆம் வருஷச் சட்டமும் கோட்டாவைக் காப்பாற்றி வைத்தது. கடைசியில் 1965இல் அது ஒழிந்தது. ஒழித்த சட்டத்தின் பெயர் ஹார்ட்-செல்லர். இளைஞராக எதிர்த்து வாக்களித்தவர் நாற்பத்தொரு வருஷம் காத்திருந்து கிழவராக முடித்துவைத்தார்.

6

இதிலிருந்து விஞ்ஞானமே வேண்டாம் என்று ஒருவர் கிளம்பினால் நான் அவரோடு இல்லை. 1985இல் பிரிட்டனில் ஒரு வழக்கு. கானாவிலிருந்து திரும்பிய ஒரு பையனை, இவன் அந்தத் தாயின் மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். அலெக் ஜெஃப்ரீஸ் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த மரபணுச் சோதனை, மகன்தான் என்று நிரூபித்தது. பையன் தாயோடு சேர்ந்தான். 2009இல் அதே நாட்டின் எல்லை நிர்வாகம், சோமாலியர் என்று சொல்லி அடைக்கலம் கேட்பவர்கள் சோமாலியர்தானா என்று மரபணுவைக் கொண்டு கண்டுபிடிக்கத் திட்டம் போட்டது. ஜெஃப்ரீஸ் உட்பட விஞ்ஞானிகள் கண்டித்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. தாய்க்கும் மகனுக்கும் உள்ள உறவு ரத்தத்தில் எழுதியிருக்கிறது. தேச எல்லை ரத்தத்தில் எழுதியில்லை. முதல் கேள்வி விஞ்ஞானத்தால் பதில் சொல்ல முடிந்த கேள்வி. இரண்டாவது அப்படியல்ல.

அடைக்கலம் தேடி வரும் பையனின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, பதினெட்டு ஆகிவிட்டதா என்று பார்க்கும் வழக்கம் பல ஐரோப்பிய நாடுகளில் இருந்துவந்திருக்கிறது. ஒப்பிடப் பயன்படும் அட்லஸ்களில் பிரபலமானது 1950இல் வெளிவந்தது. 1930களையொட்டி ஓஹியோவின் கிளீவ்லாண்ட் நகரில் வசதியான வெள்ளைக் குடும்பத்துக் குழந்தைகளின் கைகளைப் படமெடுத்துத் தயாரித்தது. எலும்பு வளர்ச்சியில் வருஷக்கணக்கில் முன்பின் இருப்பது இயல்பு என்று கதிரியக்க மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த 'முன்பின்' ஆய்வுக்கட்டுரையில் இருக்கிறது, உத்தரவில் இருப்பதில்லை. உத்தரவுக்கு ஒரே எண் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். யாராவது 'விஞ்ஞானபூர்வமாக' என்று தொடங்கினால், அந்த விஞ்ஞானம் தன்னோடு வைத்திருக்கும் சந்தேகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். 35 பேர் என்பதை மறைத்துவிட்டு 83 சதவீதம் என்று மட்டும் சொல்வது அரசியல். அதற்கு உடன்படுவதா வேண்டாமா என்பதை அரசியலாகவே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.