டயல் செய்வது யார்?

லினக்ஸை நிறுவி முடித்ததும் நெட் வரவில்லை என்றால் பழி லினக்ஸ் மேல்தான் விழும். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்கு இணையம் வந்து சேர்ந்த கதையை எடுத்துப் பார்த்தால், அந்தப் பழியில் பாதிகூட நியாயமில்லை என்று தெரியும். இணைப்பை ஏற்படுத்தும் வேலை கணினியுடையதா, அதற்கு வெளியே இருக்கும் பெட்டியுடையதா என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு முறையும் விளைவு அமைந்தது. பெட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டபோது லினக்ஸ் பேசாமல் இணைந்தது. விண்டோஸுக்கென்று மட்டும் எழுதிய மென்பொருளின் தலையில் அந்த வேலையைக் கட்டியபோதெல்லாம் படுத்துக்கொண்டது.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது வழி ஒன்றுதான்: தொலைபேசி லைன், மோடம். சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம் என்றால் கவலை இல்லை. எண்ணை டயல் செய், லைனைத் துண்டி என்று அதற்கு இடும் கட்டளைகள் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை. லினக்ஸுக்கும் அவை அத்துப்படி. பிறகு விலை குறைந்த உள் மோடம் வந்தது. தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றும் சிப்பை எடுத்துவிட்டு, அந்தக் கணக்கைக் கணினியின் பிராசஸரே போடட்டும் என்று டிரைவரிடம் விட்டுவிட்டார்கள். அந்த டிரைவர் விண்டோஸுக்கு மட்டும் இருந்தது. 'வின்மோடம்' என்று பெயர் வந்ததே அதனால்தான். கானக்ஸன்ட் சிப் உள்ள மோடத்துக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் பின்னால் ஒரு டிரைவர் கொடுத்தது. இலவசமாக எடுத்தால் வேகம் 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகாது, முழு வேகம் வேண்டுமென்றால் காசு. 56 கிலோபிட் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த கருவி லினக்ஸில் கால்வாசி வேகத்தில் ஊர்ந்ததற்குக் காரணம் லினக்ஸா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இயங்கும் முறை இதற்கு நேர் எதிரானது. அங்குள்ள சிறு பட்டறைக்குப் பெரிய கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தால் கூடவே டிராயிங்கும் வரும். எந்த அளவு, எவ்வளவு டாலரன்ஸ் என்று அதில் இருக்கும். டிராயிங் தராமல் பொருத்தமான உதிரிபாகம் செய்துகொடு என்று கேட்டால் எந்த லேத் பட்டறைக்காரரும் ஆளை வெளியே அனுப்பிவிடுவார். மோடம் செய்தவர்கள் லினக்ஸ்காரர்களிடம் கேட்டது அதைத்தான்.

2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' பிராட்பேண்ட் வந்தது. அந்தக் காலத்து ஏ.டி.எஸ்.எல். மோடம்கள் சிலவற்றின் முதுகில் யு.எஸ்.பி. துளையும் லேன் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே பெட்டி, ஒரே லைன், ஒரே கணக்கு. யு.எஸ்.பி.யில் செருகினால் தனி டிரைவர் வேண்டும். அது விண்டோஸ் சிடியில் வரும். லேன் கம்பியைச் செருகினால் டிரைவரே வேண்டாம். பெட்டிக்குள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் டயல் செய்வது அதன் பொறுப்பு, கணினிக்கு ஐ.பி. முகவரியையும் அதுவே கொடுத்துவிடும். கம்பியை ஒரு அங்குலம் தள்ளிச் செருகியதும் சரியாகும் கோளாறை இயங்குதளத்தின் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

1998இல் இணையச் சேவை தரத் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் முதலில் களமிறங்கிய சென்னை நிறுவனம் சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி. அதன் பிராட்பேண்ட் கேபிள்காரர் வழியாக வீட்டுக்கு வந்தது. வந்த கம்பி சாதாரண ஈதர்நெட். லினக்ஸுக்குப் பிரச்சினையே இருந்திருக்கக் கூடாது. ஆனால் உள்ளே நுழையத் தனி லாகின் மென்பொருள் வேண்டும். லினக்ஸ் பயனர்கள் அது சர்வருடன் என்ன பேசுகிறது என்று கவனித்து, 'சூப்பர்சிஃபி' என்று பைத்தானில் தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் டாங்கிள்கள் வந்தபோது வேறு வேடிக்கை. ஹுவாவே செய்த பல டாங்கிள்கள் செருகியதும் தம்மை மோடம் என்று காட்டிக்கொள்ளாமல், விண்டோஸ் டிரைவர் வைத்த சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். சாதனப் பட்டியலில் அவற்றில் பலவற்றின் எண் 1446. 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு நிரல் ஒரு சமிக்ஞை அனுப்பியதும் சிடி வேடம் கலைந்து, வேறு எண்ணுடன் மோடம் வெளியே வரும். அதைத் தெரியாதவர் கண்ணுக்கு லினக்ஸ் டாங்கிளைச் சிடி என்று நினைத்து ஏமாறுவதாகத்தான் தோன்றும்.

லினக்ஸ்காரர்கள் தரப்பிலும் குற்றம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு உண்டு என்றே பதில் சொல்ல வேண்டும். பிராட்காம் வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைப் பிறர் விநியோகிக்க உரிமை இல்லாததால் அதை நிறுவல் சிடியில் வைக்க முடியாமல் போனது. அது நிறுவனத்தின் வேலை. ஆனால் விநியோகிக்க உரிமை இருந்த ஃபர்ம்வேர்களையும் கொள்கைக்காக டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பு தன் அதிகாரபூர்வ நிறுவியிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு ஃபர்ம்வேர் வேண்டும். 2022இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுக்கு மேலாகப் புதிதாக வந்தவர்களை அலையவிட்ட பிடிவாதம் இது. 2013இல், பழகிப்போன 'ஈத்0' என்ற நெட்வொர்க் அட்டைப் பெயரை மாற்றி எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் வைத்ததும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரியைக் கையால் எழுதிவைத்தால் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் அதை அழித்து எழுதுவதும் அதே ரகம். எண் முகவரிக்குப் பிங் போகிறது, தளத்தின் பெயரைச் சொன்னால் போகவில்லை என்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, டி.என்.எஸ்.ஸைத்தான் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைப் பலர் இப்படித்தான் கற்றார்கள். என்றாலும் இவையெல்லாம் வெளிப்படையாக இருந்த தவறுகள். காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். மூடிய டிரைவரில் அந்த வழியும் கிடையாது.

சிலரே பயன்படுத்தும் இயங்குதளத்துக்காக நிறுவனம் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. டிரைவர் எழுதித்தா என்று யாரும் கேட்கவில்லை. விவரக்குறிப்பை வெளியிடு, எழுதிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். மேலும், வாங்குபவர் பெரியவராக இருந்தால் இந்தச் செலவுக் கணக்கு மாறிவிடும். 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடி வழியே போகும் ரயில் பாதையில் திருவள்ளூருக்குப் பக்கத்திலுள்ள காக்களூரில் மாணவர்களுக்கான தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. முதல் கட்டத்தில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள். ஒவ்வொன்றிலும் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருக்க வேண்டும். அத்தனை லட்சம் கணினிக்கு ஆர்டர் பிடிக்க வருபவர், லினக்ஸில் வேலை செய்யாத வைஃபை அட்டையைக் கொண்டுவந்து நீட்ட முடியாது. மாணவர்கள் பாஸைப் பயன்படுத்தவில்லையே என்பார்கள். அது பழக்கத்தையும் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததையும் பற்றிய கேள்வி. கருவி லினக்ஸோடு சேராது என்ற வாதத்துக்கு அது சான்றாகாது.

இப்போது வீட்டுச் சுவரில் ஃபைபர் பெட்டி தொங்குகிறது. டயல் செய்வது, முகவரி கொடுப்பது எல்லாம் அதன் வேலை. லேன் கம்பி போட்டால் எந்த லினக்ஸும் சில நொடிகளில் இணைந்துவிடும். வைஃபைக்கு மட்டும் அவ்வப்போது பழைய தொல்லை திரும்பி வருகிறது, குறிப்பாகப் புது ரியல்டெக் சிப்புகளிலும் மலிவு யு.எஸ்.பி. அடாப்டர்களிலும். அதற்குக் கைவசம் உள்ள வழி, ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கம்பியில் மாட்டி டெதரிங்கை இயக்குவது. லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் அட்டையாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் கேட்காது. தேவையான ஃபர்ம்வேரை அதன் வழியே இறக்கிக்கொண்டு போனைக் கழற்றிவிடலாம். அந்தப் போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.