மார்ச் 31-க்குள் முடியாத கண்ணாடி

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையில் இருக்கிறது காவலூர். ஜவ்வாது மலையில் சாமை விளையும், தேன் கிடைக்கும், பலா காய்க்கும். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்கும் பேர் போன மலை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே ஒரு பெரிய குவிமாடம் நிற்கிறது. அதற்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஒரு கண்ணாடி மல்லாந்து கிடக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல. நட்சத்திர ஒளியை வாங்கி ஒரு புள்ளியில் குவிக்கிற குழிக் கண்ணாடி. அரசு மானியத்தில் வந்தது.

மானியம் வருகிற வழியைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் பட்ஜெட் போடுகிறார்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி, தன்னாட்சி ஆய்வு நிறுவனங்களுக்குப் பிரிந்து போகிறது. சம்பளத்துக்கு ஒரு தலைப்பு, பொதுச் செலவுக்கு ஒரு தலைப்பு, கருவி கட்டடம் போன்ற சொத்துக்கு ஒரு தலைப்பு. ஒன்றில் மிஞ்சியதை இஷ்டத்துக்கு இன்னொன்றில் போட முடியாது. வாங்கிய பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை நகராது. மார்ச் 31 வந்தால் கணக்கை முடித்தாக வேண்டும். மார்ச் மாதம் அரசு அலுவலகங்களில் திடீரென்று புது நாற்காலிகள் முளைப்பதன் ரகசியம் இதுதான். நாற்காலியை ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம். இரண்டேகால் மீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடியை எந்த வருஷத்துக் கணக்கில் முடிப்பது?

இந்தக் கேள்வியைத் தலையில் போட்டுக்கொண்டவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பாப்பு ஹார்வர்டு போய்ப் படித்து, 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தில் தன் பேரைப் பதித்து, 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கலாம். இரவு வானத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. தேடி அலைந்து காவலூரைப் பிடித்தார். நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான் வடக்கே என்பதால் தென்வானத்திலும் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும்.

அப்போது கொடைக்கானல் வானாய்வகம் வானிலைத் துறையின் கீழ் இருந்தது. மழை எப்போது வரும் என்று சொல்லவேண்டிய துறையிடம் போய், நட்சத்திரம் பார்க்கக் காசு கேட்கவேண்டும். 1971-ல் தனி நிறுவனமாகப் பிரிந்து இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆனது. அதன் பிறகுதான் தனக்கென்று ஒரு மானியம், தனக்கென்று ஒரு கணக்கு.

வானிலைத் துறையைக் குறை சொல்லிவிட்டேன். அதன் பேரில் ஒரு பெரிய புண்ணியமும் உண்டு. 1913 பிப்ரவரியில் அத்துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவர் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ஒரு குமாஸ்தாவின் கணக்குகளைக் காட்டினார்கள். பார்த்தவர், இந்த இளைஞனுக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்தக் குமாஸ்தாவான ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு என்று முடிவானது. நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதித் தரவேண்டும். அப்படி அவர் கொடுத்த மூன்று காலாண்டு அறிக்கைகளை இன்றும் கணித அறிஞர்கள் விரித்து வைத்து ஆராய்கிறார்கள். உலகத்தில் எந்தப் பயன்பாட்டுச் சான்றிதழுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

கணிதத்துக்கு மானியம் கொடுப்பது சுலபம் என்று இதைப் படித்தால் தோன்றும். ஆளுக்குச் சோறும் காகிதமும் நேரமும் கொடுத்தால் போதும். 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியபோதும் கேட்டது பெரிதாக இதைத்தான். தொகை சிறியது, ஆனால் விடாமல் வரவேண்டும். வானியலுக்கு ஆளும் வேண்டும், கண்ணாடியும் வேண்டும்; இரண்டுக்கும் பணம் விடாமல் வரவேண்டும்.

காவலூருக்கு முதலில் வந்தது 38 செ.மீ. தொலைநோக்கி, கொடைக்கானலிலேயே செய்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருஷமே, ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதைக் கவனித்ததில் கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்பதற்கான தடயம் கிடைத்தது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் கோளைச் சுற்றியுள்ள வளையங்களின் சுவடும் இதே தொலைநோக்கியில் பதிவானது. நிதி கேட்டுப் போகிறவருக்கு இதைவிட நல்ல சிபாரிசு எங்கே கிடைக்கும்?

அடுத்த தொலைநோக்கியை முழுசாக வெளிநாட்டில் வாங்க வேண்டாம், இங்கேயே செய்வோம் என்று பாப்பு நின்றார். அவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டியை வார்க்க மட்டும் இங்கே ஆள் இல்லை. அது ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஷாட் நிறுவனத்தில் பிறந்தது. செரோடூர் என்ற வகை. சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய விரியாது, சுருங்காது. மலையில் மாலைச் சூடும் விடியற்காலைக் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில், வடிவம் மாறாத கண்ணாடிதான் வேண்டும்.

கப்பலேறி வந்தது கட்டிதான், கண்ணாடி ஆகவில்லை. அதைக் கண்ணாடி ஆக்கியது பெங்களூரில், நிறுவனத்தின் ஒளியியல் பட்டறையில், ஏ.பி. ஜெயராஜனும் அவருடைய குழுவும். தேய்ப்பதற்கு முதலில் சொரசொரப்பான கார்போரண்டம் பொடி; பிறகு அதைவிட நைசான பொடி; அதன்பின் இன்னும் நைஸ். ஒவ்வொரு பொடி மாற்றும்போதும் முந்தைய பொடியின் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவவேண்டும். மிஞ்சினால் ஒரு கீறல். ஒரு கீறல் விழுந்தால் பல நாள் வேலை பின்னால் போகும். குழிவு வந்தபிறகு மெருகு. கீல் பூசிய தட்டு, அதன்மேல் குழம்பாக மெருகுப் பொடி, கண்ணாடிமேல் மெள்ள மெள்ள ஓட்டம். கொஞ்ச நேரம் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பரப்பு லேசாகச் சூடாகும். சூடாக இருக்கும்போது அளந்தால் பொய் சொல்லும். ஆறவிட்டு, ஒளியைப் பாய்ச்சிப் பார்த்து, மேடு எங்கே என்று கண்டுபிடித்து, மறுபடி அந்த இடத்தில் தேய்க்கவேண்டும். இங்கே மேடு என்பது கையால் தடவித் தெரிகிற மேடு அல்ல. ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு.

இந்த வேலைக்கு மார்ச் மாதமும் ஏப்ரல் மாதமும் ஒன்றுதான். வருடாந்திர அறிக்கையில் 'இந்த ஆண்டு இன்னும் கொஞ்சம் தேய்த்தோம்' என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளருக்கும் புருவம் உயரும். ஆனாலும் நிதி வந்துகொண்டிருந்தது. நெருக்கடி நிலை வந்து போனது, டெல்லியில் ஆட்சி மாறி மறுபடி மாறியது, பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கதையில் அரசைப் பாராட்ட ஒரு விஷயம் உண்டென்றால் இதுதான்: எவ்வளவு கொடுத்தது என்பதைவிட, முடியும்வரை நிறுத்தாமல் கொடுத்தது.

கண்ணாடியைத் தாங்கும் இரும்பு உடம்பு மகாராஷ்டிரத்தில், வால்சந்த்நகர் தொழிற்சாலையில் உருவானது. சர்க்கரை ஆலை எந்திரங்களுக்குப் பேர் போன இடம். கரும்பு பிழியும் உருளைகள் செய்த இடத்தில், டன் கணக்கில் எடையுள்ள உடம்பை நட்சத்திரத்தின் பின்னால் அலுங்காமல் திருப்புகிற இரும்பு லாடத்தைச் செய்தார்கள். பாப்பு முடிவைப் பார்க்கவில்லை. 1979-ல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவரான அவர், 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் இறந்துபோனார். ஐம்பத்தைந்து வயது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பேரைச் சூட்டினார்.

பாலிஷ் முடிந்த கண்ணாடியும் வெறும் கண்ணாடிதான். ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிடவேண்டும். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 2.34 மீட்டர் கண்ணாடி முழுக்கப் பூச அலுமினியம் ஒரு கிராமுக்குச் சற்று மேலே போதும். நட்சத்திர ஒளியைத் தொடுவது அந்த ஒரு கிராம்தான். மீதி எல்லாம், ஜெர்மன் கட்டியும் வால்சந்த்நகர் இரும்பும் பெங்களூர் வருஷங்களும், அந்த ஒரு கிராமைச் சரியான வடிவத்தில் பிடித்துவைக்க. படலம் காற்றிலும் தூசியிலும் மங்கும். அவ்வப்போது கண்ணாடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கழுவி, புதிதாகப் பூசுகிறார்கள். அதற்கான ஏற்பாடு மலைமேலேயே இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கு இந்தச் செலவு கண்ணில் படாது. மானியத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இப்படிப்பட்ட செலவுதான்.

ஒரு மீட்டர் தொலைநோக்கியைவிட ஐந்து மடங்கு ஒளியை இது வாங்கியது. ஆனால் காவலூரைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்தது பக்கத்திலிருந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அதில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இந்தியாவிலிருந்து அதற்கு முன் குறுங்கோள் கண்டுபிடித்தவர் மெட்ராஸ் வானாய்வகத்து நார்மன் போக்சன், 1885-ல். புதிய குறுங்கோளுக்கு 4130 ராமானுஜன் என்று பேர் வைத்தார்கள். மாதம் 75 ரூபாய் வாங்கிக்கொடுத்த துறையின் பழைய வானாய்வகக் கிளை, அந்த குமாஸ்தாவின் பேரை வானத்தில் எழுதியது.

பிறகு வந்த பெரிய தொலைநோக்கிகளை வாங்கத்தான் செய்தோம். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியும், காவலூரிலேயே 2014-ல் வந்த 1.3 மீட்டரும் வெளிநாட்டுத் தயாரிப்பு. அதில் தப்பில்லை, ஆராய்ச்சிக்கு அவசரம் உண்டு. ஆனால் ஜெயராஜன் குழுவின் கைப்பழக்கம் அடுத்த பெரிய கண்ணாடி இல்லாமல் காத்திருந்தது. முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா 2014-ல் பங்காளியாகச் சேர்ந்தபோது மறுபடி வாய்ப்பு வந்தது. அதன் கண்ணாடி 492 துண்டுகளால் ஆனது. சில துண்டுகளுக்கு மெருகேற்ற பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் பட்டறை அமைந்தது. அதை நிறுவவிருந்த ஹவாயில் மக்களின் எதிர்ப்பால் திட்டம் இழுத்தது. 2025-ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு, தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக இதற்கு அடுத்த கட்ட நிதி இல்லை என்று சொல்லிவிட்டது.

பணக்கார நாடுகளும் மார்ச் 31 மாதிரி ஒரு தேதியில் கணக்கை மூடத்தான் செய்கின்றன. நம் பட்டறையை அவர்கள் முடிவுக்காகச் சும்மா வைத்திருக்கக் கூடாது. ஹொசகோட்டையில் கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். நமக்கென்று ஒரு பெரிய கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்து, பத்து வருஷத்துக்கு நிதி உறுதி என்று எழுத்தில் கொடுங்கள். காவலூர்க் கண்ணாடிக்குச் செய்த காரியம்தான். இம்முறை முதல் நாளே சொல்லிவிட்டுச் செய்யலாம்.