சன்னத்தின் நுனி

கல்கத்தா நகரை அடுத்து டம்டம் என்றோர் ஊர் உளது. அவ்வூர்ப் பெயர் உலக மொழிகள் பலவற்றிற் புகுந்தமைக்குக் காரணம், அங்கிருந்த பிரித்தானியப் படைக்கலச்சாலையில் உருவாகிய ஒரு துவக்குச் சன்னமேயாகும்.

அச்சன்னத்தின் வரலாறு வேட்டையிலே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில வேட்டைக்காரர் நுனியிற் குழிவுடைய ஈயச் சன்னங்களைக் கையாண்டனர். விலங்கின் உடலுட் புகுந்ததும் அவை விரிந்து பெரும் புண்ணை உண்டாக்கும். 1884ஆம் ஆண்டு பிரான்சிலே புகையில்லா வெடிமருந்து தோன்றியது. அதனாற் சன்னத்தின் வேகம் பெருகவே, மென்மையான ஈயம் துவக்குக் குழலின் புரிகளிற் சிதைந்தது. ஆகவே அதற்கு உலோக உறையிட்டனர். உறையிட்ட சன்னம் நெடுந்தூரம் பாய்ந்தது. ஆனால் உடலில் விரியாது ஊடுருவிச் சென்றது. 1895ஆம் ஆண்டுச் சித்ரால் போரிலே, இச்சன்னம் பட்டவர்கள் வீழாது முன்னேறினர் எனப் பிரித்தானியப் படையினர் குறைகூறினர். டம்டம் சாலையின் பொறுப்பாளர் கப்டன் பெர்ட்டி-கிளே, உறையின் நுனியை நீக்கி ஈயத்தை வெளிப்படுத்தினார். விலங்குக்கென வகுத்த முறை மனிதனுக்கும் உரியதாயிற்று.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, மனித உடலில் விரியும் சன்னங்களைத் தடைசெய்யப் பிரகடனம் கொணர்ந்தது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதனை எதிர்த்தன. நாகரிக நாட்டுப் போர்வீரன் காயமுற்றால் ஒதுங்குவான், 'காட்டுமிராண்டி'யோ பன்முறை சுடப்பட்டும் பாய்ந்து வருவான் என்பது பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டாவின் வாதம். 1907ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியா அப்பிரகடனத்தை ஏற்றது. ஏற்றபோதிலும், ஒப்பமிட்ட அரசுகள் தம்முட் பொரும் போர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அடிமை நாடுகளின் மக்களுக்கு ஒப்பமிடும் உரிமை எங்கே இருந்தது?

இன்று நெடுந்தூர வேட்டைக்கென ஆக்கப்படும் சன்னத்துக்குக் கூரிய நுனியும், படகின் பின்புறம்போற் குறுகிய அடியும் உண்டு. காற்றின் தடையைக் குறைத்தலே இவற்றின் பயன். தூரம் செல்லச்செல்ல வேகம் குன்றும். குன்றிய வேகத்திலும் விரியும்பொருட்டு நுனியில் உறையை மெல்லியதாக்குகின்றனர். விலங்கு நெடுநேரம் வதையுறாது இறக்கவேண்டும் என்பது நியாயமான நோக்கமே. இங்கிலாந்திலே மானைச் சுடுவதற்கு விரியும் சன்னத்தையே 1991ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது. அந்நாட்டு அதிகாரிகள் ஒருகாலத்தில் அதே சன்னத்தை மலைநாட்டு மக்கள்மீது ஏவினர். அதற்கு அவர்கள் கூறிய காரணத்தில் இரக்கத்துக்கு இடமிருக்கவில்லை.

விஞ்ஞான வகுப்பிலே சன்னத்தின் வேகத்தைக் கணிக்கும் நம் மாணவன், வரலாற்று வகுப்பிலே அது யாரை நோக்கிப் பாய்ந்தது என்றும் வினவுதல் வேண்டும். இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள்.