தாரா திருவுருவம்

தாரா திருவுருவம், இலங்கையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய பெரிய வெண்கலச் சிற்பம். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதன் உயரம் 143 சென்ரிமீற்றர். மூலச்சிலை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருப்பது அதன் நகல்.

மகாயான பௌத்தத்தில் அருளின் வடிவான அவலோகிதேசுவரரின் துணைவி தாரா. இன்று தேரவாத நாடாக மட்டுமே அறியப்படும் இலங்கையில் இப்படியொரு பெண்தெய்வ வழிபாடு இருந்ததற்கு இச்சிலை வலுவான சான்று. வலக்கை வரமளிக்கும் வரத முத்திரை காட்டுகிறது. இடக்கையில் தாமரை இருந்திருக்கலாம். இடைக்கு மேல் ஆடையில்லை. உயர்ந்த சடைமகுடத்தின் முன்புறம், ஏதோ பதிக்கப்பட்டிருந்த குழி வெறுமையாகத் தெரிகிறது.

சிலை உள்ளே வெற்றிடமில்லாத கனவார்ப்பாகச் செய்யப்பட்டது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் மெழுகுவார்ப்பு முறையே இங்கும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. பிரெஞ்சுச் சிற்பி ரொடினின் ‘கலேயின் குடிமக்கள்’ என்ற வெண்கலச் சிற்பம் அப்படியன்று. பிரெஞ்சுச் சட்டம் அதன் 12 வார்ப்புகள் வரை மூலமாகவே ஏற்கிறது. கொழும்புத் தாரா பிற்காலப் பிரதி. அளவையும் நிற்கும் பாங்கையும் அதில் அறியலாம். 8ஆம் நூற்றாண்டுக் கம்மியர் தேய்த்து மெருகேற்றிய உலோகம் அங்கில்லை. இந்த இழப்பைச் சிறிதாக எண்ண முடியாது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் இச்சிலையை, 1830இல் அருங்காட்சியகத்துக்கு அளித்தவர் சேர் ரொபர்ட் பிரவுன்ரிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநர். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டது இவர் ஆட்சியில்தான். 1817-18 ஊவா–வெல்லச கிளர்ச்சியை நெல்லையும் வீடுகளையும் எரித்து ஒடுக்கியதும் இவர் படைகளே. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல 1818இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர் மண்டையோடு 1954இல் நாடு திரும்பியது. தாரா திரும்பவில்லை. இலண்டனிலும் அவள் உடனே மக்கள் முன் நிற்கவில்லை. அந்த உடலழகைக் காமமென்று கண்டவர்கள் சுமார் 30 ஆண்டுகள் ஆய்வாளர்களுக்கு மட்டுமே காட்டினார்கள். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநர் நீல் மெக்ரிகர் 2010இல் நூறு பொருள்களில் உலக வரலாற்றைச் சொன்னபோது இச்சிலையையும் சேர்த்தார்.

ஊவா மாகாணத்தில் தாராவைக் கல்லில் காணலாம். பதுளையிலிருந்து தெமோதரை, எல்ல வழியாகத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து இறங்கும் வீதி வெல்லவாயவை அடைகிறது. அதன் அருகே புதுருவகலப் பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் 15 மீற்றருக்கும் உயர்ந்த புத்தர். ஒரு பக்கத்தில் அவலோகிதேசுவரர். அவரருகே உடல் வளைத்து நிற்கிறாள் தாரா. காலத்தால் வெண்கலச் சிலைக்குச் சற்றுப் பிந்தியவள் என்பர். வெண்கலத் தாரா தனித்து நிற்பதால் அவள் யாருடன் சேர்ந்து வழிபடப்பட்டாள் என்பது அருங்காட்சியகத்தில் புலப்படாது. புதுருவகலவில் அது தெளிவு. தோட்டப் பாடசாலை மாணவரைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அதற்கு முன் இந்தப் பாறையைக் காட்டுவது நல்லது.