பிராங்கோவுக்குப் பிந்தைய ஸ்பெயினில் தன்வரலாறுகள்

1975 நவம்பர் 20 அன்று பிரான்சிஸ்கோ பிராங்கோ இறந்தபோது, அவருடைய ஆட்சிக்குத் தொடக்கத்தில் தோள்கொடுத்த எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பலர் உயிரோடு இருந்தனர். 1977ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்தால் அந்த ஆட்சியின் குற்றங்கள் நீதிமன்றப் படி ஏறவில்லை. கடந்தகாலத்துக்குக் கணக்குச் சொல்லும் இடமாகத் தன்வரலாறு மாறியது.

இத்தகைய தன்வரலாறுகளில் அதிகம் பேசப்பட்டது மருத்துவ வரலாற்றாசிரியர் பெத்ரோ லாயின் என்ட்ரால்கோ 1976இல் வெளியிட்ட நூல். மனச்சுமையை இறக்கிவைப்பது என்பது அதன் தலைப்பின் பொருள். ஸ்பெயினின் பாசிசக் கட்சியான ஃபலாங்கேயின் சிந்தனையாளராக இருந்த லாயின், 1951 முதல் 1956 வரை மாட்ரிட் பல்கலைக்கழகத்தின் தலைவர். நூலில் அவர் தம்மையே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்: செயலைச் செய்தவர், அதை எழுதுபவர், தீர்ப்புக் கூறுபவர். மூவரும் வாதாடுகிறார்கள். குற்றவுணர்வு உண்மையானதுதான், ஆனால் மூன்று குரலும் ஒருவருடையதே. பாதிக்கப்பட்டவருக்கு அந்த மன்றத்தில் இருக்கை இல்லை.

கவிஞர் தியோனீசியோ ரித்ருவேஹோவை இதே தட்டில் வைக்க முடியாது. 1938இல், உள்நாட்டுப் போரின்போது, பிராங்கோ தரப்பின் பிரசாரத் துறைக்குத் தலைமை தாங்கிய அவர், 1942இலேயே பிராங்கோவுக்குக் கடிதம் எழுதிப் பதவிகளைத் துறந்தார். ரோந்தா நகரில் கட்டாயமாகத் தங்கவைக்கப்பட்டார். பின்னர் சிறையும் கண்டார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1976இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தன. விலகலுக்கான விலையை அவர் ஆட்சி நடக்கும்போதே கொடுத்திருந்தார்.

இருவரும் 1940இல் தொடங்கிய ‘எஸ்கோரியல்’ இதழ் பின்னாளில் பெரிய விவாதப் பொருளாயிற்று. அந்தப் போரில் பிராங்கோவை எதிர்த்த குடியரசின் பக்கம் நின்று, 1939இல் பிரான்சின் கொலியூரில் அகதியாக இறந்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோவை, மீட்கப்பட்ட கவிஞர் என்று ரித்ருவேஹோ அதில் எழுதினார். இதைத் தாராள மனத்துக்குச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. மச்சாதோவைப் போல நாட்டைவிட்டுப் போனவர்கள் அப்போது ஊர் திரும்ப வழியில்லை என்பதையும் சேர்த்தே அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும். இந்த இதழைச் சூழ்ந்தவர்களைக் குறித்த ‘தாராளவாத ஃபலாங்கே’ என்ற கருத்தை வரலாற்றாசிரியர் சாந்தோஸ் ஹூலியா மறுத்தார். ஜோர்தி கிராசியா 2004இல், தாராளவாத மரபு அடங்கிய குரலில் தொடர்ந்ததாக வாதிட்டார்.

மெய்யியலாளர் ஹூலியான் மரியாஸின் நிலை வேறு. 1939இல் நண்பராக இருந்த ஒருவர் பிராங்கோ ஆட்சியிடம் காட்டிக்கொடுத்ததால் அவர் சிறை சென்றார். தம் தன்வரலாற்றில் அந்த நபரின் பெயரை அவர் எழுதவில்லை. அவருடைய மகன் ஹாவியேர் மரியாஸ், 2002இல் வெளியாகத் தொடங்கிய தம் மூன்று பாக நாவலில் அந்தத் துரோகத்தைக் கதையாக்கினார்.